பரிசுப் பணத்தில் ஒரு பங்கு முதுமை ஆராய்ச்சிக்கு: கொடுக்கும் முன் ஆடிட்டர் சொல்வது

டிவி போட்டியில் ஜெயித்தவர்கள், நகைக்கடைக் குலுக்கலில் கார் விழுந்தவர்கள் என்று பரிசு வென்ற சிலர் மயிலாப்பூரில் உள்ள என் அலுவலகத்துக்கு வருவதுண்டு. "வரி எவ்வளவு போகும் சார்?" என்பதுதான் எப்போதும் முதல் கேள்வி. சமீபமாக இன்னொன்றும் கேட்கிறார்கள்: "இதுல ஒரு பங்கை முதுமையைத் தள்ளிப்போடுற ஆராய்ச்சிக்குக் கொடுக்கணும், எப்படிக் கொடுக்கிறது?" கேட்பவர்களில் பலருடைய வீட்டில் அம்மாவோ அப்பாவோ மறதி நோயில் இருக்கிறார். கோயிலுக்கும் அன்னதானத்துக்கும் எடுத்து வைப்பது நமக்குப் பழகியது. ஆராய்ச்சிக்கு எடுத்து வைப்பது புதிது. இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அந்தப் பணம் போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் வரி. போட்டி, குலுக்கல் பரிசுகளுக்கு நேராக 30% வரி. உங்களுக்கு வேறு வருமானமே இல்லாவிட்டாலும் அடிப்படை விலக்கு வரம்பு இதற்குக் கிடையாது. 10,000 ரூபாயைத் தாண்டினால் கொடுப்பவரே 30% டிடிஎஸ் பிடித்துவிடுவார். கார் மாதிரிப் பொருளாக விழுந்தால், வரி கட்டியாயிற்று என்று உறுதியான பிறகுதான் சாவி. பலர் தவறவிடுவது இதற்கு மேல் வரும் 4% செஸ். 10 லட்சம் ஜெயித்தால் 3 லட்சம் பிடித்தம் போக 7 லட்சம் கைக்கு வரும். ஆனால் மொத்த வரி 3,12,000. மீதி 12,000 ரூபாயை நீங்கள்தான் கட்ட வேண்டும்.

அதனால் "பத்தில் ஒரு பங்கு தருகிறேன்" என்று மேடையிலேயே அறிவித்துவிடாதீர்கள். 10 லட்சத்தில் பத்து சதவீதம் என்றால் ஒரு லட்சம். வரி போக நிற்கும் 6,88,000-இல் என்றால் 68,800. இரண்டில் எது என்பதை வீட்டில் பேசி முதலிலேயே முடிவு செய்யுங்கள். வெளிநாட்டுப் போக்கர் ஆட்டக்காரர்கள் சிலர் 2014-இல் ஓர் அமைப்பைத் தொடங்கி, ஜெயிப்பதில் குறைந்தது 2% நன்கொடை என்று முன்கூட்டியே உறுதி கொடுத்தார்கள். அந்த ஆட்டத்தை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் சதவீதம் சிறியதாக இருந்தாலும் பணம் வருவதற்கு முன்பே முடிவு செய்துவிடுவது நல்ல பழக்கம். (சதுரங்கம் போன்றவற்றைத் தொழிலாக ஆடுகிறவர்களின் பரிசுப் பணத்துக்கு வரிக் கணக்கு வேறு, அவர்கள் தனியாகக் கேட்டுக்கொள்ளவும்.)

அடுத்து வரும் கேள்வி, "80ஜி-யில் கழிக்கலாமே?" நன்கொடைக்கு வரிக் கழிவு தரும் பிரிவு அது. பரிசுப் பணத்தின் மீதான 30% நன்கொடையால் குறையாது. சம்பளம், வாடகை போன்ற மற்ற வருமானம் இருந்தால், அதுவும் பழைய வரி முறையில் இருந்தால் மட்டுமே, அந்தப் பகுதிக்குப் பலன் உண்டு. புதிய முறையில் 80ஜி கிடையாது. எந்த முறையானாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் நமக்குப் பழகிய பிரிவு எண்கள் மாறுகின்றன, குழம்ப வேண்டாம். ஆக, பரிசு வென்ற பெரும்பாலோருக்கு இந்த நன்கொடையால் வரியில் ஒன்றும் மிச்சமாகாது. அது தெரிந்த பிறகும் கொடுக்க நினைப்பவர்களுக்குத்தான் மேற்கொண்டு எழுதுகிறேன்.

எங்கே கொடுப்பது? வியாபாரம் பணம் போடாத இடத்தில் என்பேன். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையை உதாரணமாகப் பார்ப்போம். சென்னையில் சர்க்கரை நோயாளி இருக்கும் வீடுகளில் பாதிக்கு மேல் அந்த மாத்திரை இருக்கும் என்று தைரியமாகச் சொல்லலாம். 1950-களிலிருந்து புழக்கத்தில் உள்ள, மிக மலிவான மருந்து. அது முதுமையோடு வரும் புற்றுநோய், இதய நோய், மறதி நோய் ஆகியவற்றைச் சேர்த்துத் தள்ளிப்போடுமா என்று பார்க்க, அமெரிக்காவில் நிர் பார்சிலாய் என்ற மருத்துவ விஞ்ஞானி தலைமையில் ஒரு சோதனைக்குத் திட்டமிட்டார்கள். 65 முதல் 79 வயது வரை சுமார் 3,000 பேர், 14 மையங்கள், ஆறு ஆண்டுகள். திட்டம் கையில் இருந்தும் பல ஆண்டுகள் நிதிக்காகக் காத்திருந்தது. காப்புரிமை முடிந்த மாத்திரையில் எந்தக் கம்பெனிக்கு என்ன லாபம்? பலன் உண்டென்று இதுவரை நிரூபணமாகவில்லை, ஆகவே யாரும் தாங்களாக அதை வாங்கிப் போட வேண்டாம். உண்டா இல்லையா என்று சொல்லவே அந்தச் சோதனை தேவை. தனிமனிதர்களின் பணத்துக்கு உண்மையான வேலை இப்படிப்பட்ட இடத்தில்தான் இருக்கிறது.

வெளிநாட்டு அமைப்புக்கு அனுப்புவதானால் ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் வங்கி வழியாக, நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். 80ஜி அதற்குக் கிடையாது. இங்கேயே கொடுக்க வேண்டுமென்றால் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் முதுமை பற்றிய 'லாஞ்செவிட்டி இந்தியா' முயற்சி நடக்கிறது. அங்குள்ள மூளை ஆராய்ச்சி மையம் கர்நாடகத்தின் ஸ்ரீனிவாசபுரா பகுதியில் கிராமத்து மக்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து, மறதி நோய் எப்படித் தொடங்குகிறது என்று பார்க்கிறது. நம் கிண்டி ஐ.ஐ.டி.யிலும் மனித மூளையைச் செல் அளவில் படம்பிடிக்கும் மையம் இருக்கிறது. 1978-இலேயே முதியோர் மருத்துவத்துக்குத் தனிப் பிரிவு தொடங்கிய ஊர் இது. இந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பதிலும் சென்னைக்காரர்கள் முன்னால் நிற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

'ஆன்டி ஏஜிங்' என்று பலகை வைத்து டிரிப் ஏற்றும் கிளினிக்குகளுக்குக் கொடுப்பது நன்கொடை அல்ல, அவர்களுடைய வியாபாரம். இந்தியாவில் நடக்கும் எந்த மருந்துச் சோதனையும் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் இருக்க வேண்டும். இணையத்தில் யாரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். அங்கே இல்லாத ஒன்றை 'ட்ரையல்' என்று சொல்லிப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கொடுக்கும்போது பணத்தோடு ஒரு கடிதமும் கொடுங்கள்: எந்த ஆராய்ச்சிக்கு, அது நின்றுபோனால் வேறு எதற்குப் பயன்படுத்தலாம் என்று. பொது நிதியில் கலந்துவிட்டால் பிறகு தேட முடியாது. இந்திய நிறுவனம் என்றால் நிதியாண்டு முடிந்து மே 31-க்குள் நன்கொடைச் சான்றிதழ் வர வேண்டும். வராவிட்டால் ஜூன் முதல் வாரத்திலேயே போன் செய்து கேளுங்கள், ரிட்டர்ன் போடும் வரை காத்திருக்காதீர்கள்.