ஒன்ராறியோ மின்கட்டணம்: பில்லில் குறைவது எது, வரியில் போவது எது

2025 நவம்பர் 1ஆம் திகதி ஒன்ராறியோவில் மலிவு நேர மின்சாரம் யூனிட்டுக்கு 7.6 சதத்திலிருந்து 9.8 சதமானது. உச்ச நேரத்து விலை 15.8இலிருந்து 20.3 சதத்துக்குப் போனது. ஆனாலும் வீட்டுப் பில் அந்த அளவுக்கு ஏறவில்லை. 'ஒன்ராறியோ எலெக்ட்ரிசிட்டி ரிபேட்' என்ற கழிவை மாகாண அரசு அதே நாளில் 13.1 வீதத்திலிருந்து 23.5 வீதமாக உயர்த்தியதுதான் காரணம். அந்தக் கழிவு மாகாணத்தின் வரிப்பணத்திலிருந்து வருகிறது. பில்லில் கட்டாத பணத்தை வரியாகக் கட்டுகிறோம்.

இந்தக் கழிவுக்கு விண்ணப்பம் தேவையில்லை. பில்லின் அடியில் தானாகவே கழியும். கணக்கைப் பார்க்கும் விதம்தான் பலரைக் குழப்புகிறது. வரிக்கு முந்திய தொகை 150 டொலர் என்றால், 13 வீத எச்.எஸ்.டி. விற்பனைவரி முழுத்தொகைக்கும் விழும்: 19.50. கழிவும் அதே 150க்குத்தான்: 35.25. கட்டவேண்டியது 134.25 டொலர்.

விலைத்திட்டம் மூன்று உண்டு. மாற்றக் கட்டணம் இல்லை. நேரவாரித் திட்டத்தில் வாரநாள் இரவு 7 மணி முதல் காலை 7 மணி வரையும், வார இறுதியிலும் மலிவு. படிமுறைத் திட்டத்தில் குளிர்காலத்தில் மாதம் 1,000 யூனிட், கோடையில் 600 யூனிட் தாண்டினால் விலை கூடும். பகலில் ஆட்கள் இருக்கும் வீட்டுக்கு இது பொருந்தலாம். மூன்றாவது, நள்ளிரவு மலிவுத் திட்டம். இரவு 11 முதல் காலை 7 வரை 3.9 சதம்தான், ஆனால் வாரநாள் மாலை 4 முதல் 9 வரை 39.1 சதம். மின்சாரக் கார் மாதம் 300 யூனிட் இழுத்தால், நேரவாரித் திட்டத்தைவிட 17.70 டொலர் மிச்சம். குளிர்காலத்தில் அந்த மாலை ஐந்து மணிநேரத்தில் தினமும் மூன்றரை யூனிட் அளவு செலவானால் கார் தந்த மிச்சம் முழுவதும் போய்விடும். மின்னடுப்பில் இரவுச் சமையல் நடக்கும் வீடு முதலில் பழைய பில்லைப் பார்த்துவிட்டே மாறவேண்டும்.

கேட்டால்தான் கிடைக்கும் உதவிகளும் உண்டு. குறைந்த வருமான வீடுகளுக்கான ஓ.இ.எஸ்.பி. மாதம் 35 முதல் 75 டொலர் வரை பில்லிலேயே கழிக்கும். மின்சாரத்தால் சூடாக்கும் வீட்டுக்கும், வீட்டில் மருத்துவக் கருவி இயங்குபவருக்கும் இன்னும் கூடுதல். 2024 மார்ச்சில் வருமான எல்லை உயர்ந்தது. தனி ஆளுக்கு 38,000 டொலர், நால்வர் குடும்பத்துக்கு 65,000 டொலர் வரை தகுதி உண்டு. முன்பு மறுக்கப்பட்டவர்கள் திரும்ப விண்ணப்பிப்பது நல்லது. வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோரும் வரித் தாக்கல் செய்திருக்க வேண்டும்; ஒருவர் விடுபட்டாலே வருமானத்தைச் சரிபார்க்க முடியாமல் விண்ணப்பம் தங்கிவிடும். காலம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும், தானாகத் தொடராது. பில் கட்டமுடியாமல் இணைப்பு துண்டிக்கப்படும் நிலை வந்தால் 'லீப்' என்ற அவசர உதவி ஆண்டுக்கு 650 டொலர் வரை, மின்சூடாக்கல் இருந்தால் 780 வரை தரும்.

ஸ்காபரோ, பிரம்ப்டன் பேஸ்மென்ட்களில் எங்கள் ஆட்கள் பலர் எல்லாம் சேர்ந்த வாடகையில் இருக்கிறார்கள். மின்கணக்கு அவர்கள் பெயரில் இல்லாததால் ஓ.இ.எஸ்.பி. கிடைக்காது. அவர்களுக்கு உரியது, மாகாணத்தின் டிரில்லியம் கொடுப்பனவில் உள்ள எரிசக்தி, சொத்துவரிச் சலுகை. வாடகையின் 20 வீதத்தைச் சொத்துவரியாகக் கணக்கிடுவார்கள். வரித் தாக்கலில் ஓ.என்.-பென் படிவத்தை நிரப்பி, அதற்கான பெட்டியில் அடையாளமிட்டு வாடகைத் தொகையை எழுதினால்தான் இது வரும். விற்பனைவரிச் சலுகை தானாக வருவதால் 'டிரில்லியம் வருகிறதே' என்று இருந்துவிடுகிறார்கள். பெரிய பங்கு கைவிட்டுப் போகிறது. பற்றுச்சீட்டில்லாமல் காசாக வாடகை கொடுத்தவர்கள், கனடா வருவாய் முகமை ஆதாரம் கேட்கும்போது திண்டாடுவார்கள். ஒவ்வொரு மாதமும் பற்றுச்சீட்டு வாங்கிவையுங்கள்.

 

தொழிற்சாலைகளும் சுரங்கங்களும் மாகாண வரிப்பணம் என்ற இதே பணப்பையைத்தான் பார்க்கின்றன. 2009இன் பசுமை எரிசக்திச் சட்டத்தின்கீழ் சூரிய, காற்று மின்சாரத்துக்கு 20 ஆண்டு ஒப்பந்தங்கள் போடப்பட்டன. கூரைச் சூரியத் தகடுகளுக்குத் தொடக்கத்தில் யூனிட்டுக்கு 80.2 சதம். மின்விலையில் சேர்ந்திருந்த அந்தச் செலவில் ஏறக்குறைய 85 வீதத்தை 2021 ஜனவரி 1 முதல் மாகாண வரவுசெலவுத் திட்டம் ஏற்றது. வீட்டுக்கு விலை இறங்கினாலும் ரிபேட்டும் சேர்த்துக் குறைக்கப்பட்டது. உண்மையில் பயனடைந்தவை நடுத்தர, பெரிய தொழில்கள். முதலீட்டை இழுப்பதே நோக்கம்.

சுரங்க வரி இலாபத்தில் 10 வீதம், தொலைதூரச் சுரங்கத்துக்கு 5 வீதம். ஆண்டு இலாபம் 5 இலட்சம் டொலருக்குள் இருந்தால் வரி இல்லை. புதிய சுரங்கத்துக்கு ஒரு கோடி டொலர் இலாபம் வரை சில ஆண்டுகள் விலக்கு. ஆனால் தண்டர்பேயிலிருந்து ஏறத்தாழ 500 கிலோமீற்றர் வடகிழக்கே உள்ள 'ரிங் ஒஃப் ஃபயர்' பகுதியில் நிக்கலும் குரோமைட்டும் கண்டறியப்பட்டுப் பல ஆண்டுகளாகியும் சுரங்கம் திறக்கப்படவில்லை. அங்கே ஆண்டு முழுவதும் போக வீதி இல்லை, மின்கம்பி இல்லை. நிலத்துக்குரிய முதற்குடிகளோடு உடன்பாடும் வேண்டும். அந்த வீதிக்கும் கம்பிக்கும் மாகாணம் எவ்வளவு போடும் என்பதைத்தான் முதலீட்டாளர் முதலில் கேட்கிறார், வரி வீதம் அதற்குப் பிறகுதான்.