கொழுப்பற்ற கிண்ணம் அல்ல, பிசுக்கற்ற கிண்ணம்

கேக்கை அலங்கரிக்கும் ராயல் ஐசிங்கின் செய்முறையைத் தமிழில் சொல்ல வருபவர்கள், ஆங்கிலத்தின் ‘கிரீஸ் ஃப்ரீ’ என்பதைப் பெயர்த்து, எடுத்த எடுப்பிலேயே “கொழுப்பற்ற கிண்ணம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்” என்கிறார்கள். காணொளிகளில் இதே பேச்சு. கேக் அலங்காரக் குறிப்புகளிலும் இதே எழுத்து. கண்ணாடிக் கிண்ணத்தில் ஏது கொழுப்பு? கொழுப்பு நீக்கிய பால் உண்டு, கொழுப்பு குறைந்த தயிர் உண்டு. அங்கே கொழுப்பு அந்தப் பொருளுக்குள்ளேயே இருக்கும் சத்து. பாத்திரத்தின் மேல் படிந்து, விரலால் தொட்டால் வழுக்கியும் ஒட்டியும் தெரிகிற எண்ணெய்ப் படலத்துக்குத் தமிழில் வேறு பெயர் இருக்கிறது: பிசுக்கு.

ஆங்கிலக் ‘கிரீஸ்’ பழைய பிரெஞ்சு வழியாக, தடித்த, கொழுத்த என்று பொருள்படும் லத்தீன் ‘கிராஸுஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. முதலில் விலங்குக் கொழுப்பைக் குறித்தது. பிறகு அச்சாணிக்கு இடுவது, சட்டியில் படிவது எல்லாம் அதற்குள் வந்து சேர்ந்தன. தமிழ்ப் பிசுக்கோ பிசின், பிசுபிசுப்பு ஆகியவற்றின் உறவு. ஒட்டும் தன்மைதான் அதன் உயிர்.

தனித்தமிழ் ஆர்வத்தில் சிலர் ‘மசகற்ற கிண்ணம்’ என்றும் எழுதுகிறார்கள். ஆர்வத்தை மதிக்கிறேன், சொல்லை ஏற்க முடியாது. மசகு என்பது மாட்டுவண்டியின் அச்சு தேயாமலிருக்க நாமே வேண்டுமென்று இடுவது. இன்றும் இயந்திரங்களுக்கு அது வேண்டும். பிசுக்கு வேண்டாமலே வந்து படிவது. தேய்த்துக் கழுவிப் போக்க வேண்டியது. ஒன்று பயன், மற்றொன்று அழுக்கு. இன்னொரு சிக்கலும் உண்டு. இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் ‘மசகு எண்ணெய்’ என்றால் சுத்திகரிக்காத கச்சா எண்ணெய். சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கப்பலில் வரும் சரக்கை, கொழும்பில் கேக் செய்யும் ஒருவரின் கிண்ணத்தில் ஏன் கொண்டுவந்து ஊற்ற வேண்டும்? பிசுக்கும் தூய தமிழ்தான். தலைக்கு எண்ணெய் வைத்துச் சீயக்காய் தேய்க்கும் எந்த வீட்டிலும் அது வழங்குகிறது. பேச்சுவழக்கில் கிடக்கிறது என்பதாலேயே அதை ஏட்டில் ஏற்றக் கூசுகிறோம் என்றே நினைக்கிறேன்.

பிசுக்கு என்றால் சர்க்கரைப் பாகின் ஒட்டலையும் குறிக்குமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஐயம் வரும் இடத்தில் ‘எண்ணெய்ப் பிசுக்கு’ என்று முழுதாக எழுதினால் தீர்ந்தது.

சொல் சரியாக இல்லாவிட்டால் வேலை கெடும் என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன். ராயல் ஐசிங் என்பது முட்டை வெள்ளைக்கருவும் ஐசிங் சுகரும் சேர்த்து அடிப்பது. அடிக்க அடிக்க வெள்ளைக்கருவின் புரதங்கள் விரிந்து காற்றுக் குமிழிகளைச் சுற்றிப் படலமாகின்றன. எண்ணெய் கலந்தால் அது குமிழியின் ஓரத்தில் புரதத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நுரை நிற்காது, கம்பியைத் தூக்கினால் கூம்பு எழாது. மஞ்சள் கரு ஒரு சொட்டு விழுந்தாலும் இதே கதை. பிளாஸ்டிக் கிண்ணம் எண்ணெயை விடாமல் பிடித்துக்கொள்ளும். ஆகவே கண்ணாடியோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ எடுத்து, சோப்புப் போட்டு வெந்நீரில் கழுவி, ஈரமில்லாமல் துடைத்து, வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்ட சுத்தமான துணியால் ஒருமுறை துடைக்க வேண்டும். அடிக்கும் கம்பிக்கும் ஐசிங்கைப் பிழியும் நாசிலுக்கும் இதே கவனம் வேண்டும். வெண்ணெயில் செய்த பட்டர்கிரீமை நிரப்பிய பிழியும் பையை இதற்கு எடுக்கவே கூடாது. ‘கொழுப்பற்ற’ என்று படித்தவருக்கு இதில் எது மனதில் தோன்றும்? உணவுக் கட்டுப்பாடுதான் தோன்றும். ‘பிசுக்கு’ என்று படித்தவரின் கை தானாகவே சோப்பைத் தேடும்.

அகராதியில் முதலில் நிற்கும் சொல்லை எடுத்து எல்லா இடத்திலும் ஒட்டுவதுதான் இன்றைய மொழிபெயர்ப்பின் நோய். ஆங்கிலத்தில் ஒரே ‘கிரீஸ்’; தமிழில் இடத்துக்கு ஒரு சொல் வேண்டும். கேக் தட்டுக்கு அது ‘வெண்ணெய் தடவுதல்’. அடியில் விரிக்கும் தாளுக்கு ‘எண்ணெய் ஊறாத தாள்’. இயந்திரத்துக்கு மசகு. கிண்ணத்துக்குப் பிசுக்கு.

இதே செய்முறையில் அடுத்த வரியும் தப்பாமல் தவறும்: “450 கிராம் ஐசிங் சுகரை அளந்துகொள்ளுங்கள்.” எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்று அளவையை நான்காகப் பிரித்து வைத்த மொழி இது. கிராமில் சொன்னால் அது எடுத்தல். ‘நிறுத்துக்கொள்ளுங்கள்’ என்று எழுத வேண்டும். கப்பால் அள்ளினால் அது முகத்தல். ‘அளந்து’ என்று படிப்பவர் கப்பைத்தான் எடுப்பார். ஐசிங் சுகர் சலித்தால் பொலபொலவென்று நிற்கும், அழுத்தினால் அமுங்கும். அதே கப்பில் எடை கணிசமாக மாறிவிடும். வெள்ளைக்கருவும் முட்டைக்கு முட்டை கூடிக் குறையும். ஒரு முட்டைக்கு ஏறத்தாழ 30 கிராம் என்று வைத்துக்கொண்டு அதையும் நிறுத்து எடுப்பதே நல்லது. ஆகவே செய்முறையின் தொடக்கம் இப்படி இருக்கட்டும்: “எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத, ஈரமற்ற கண்ணாடிக் கிண்ணத்தைத் தராசில் வைத்து, வெள்ளைக்கரு 90 கிராம் நிறுத்துக்கொள்ளவும், சலித்த ஐசிங் சுகர் 450 கிராமைத் தனியே நிறுத்து வைக்கவும்.”