கரையில் நிற்பவரை ட்ரவுட் எப்படிக் கண்டுகொள்கிறது?

தூண்டில் போடுவதில் ஆர்வமுள்ள வாசகர் ஒருவர் எழுதிக் கேட்கிறார்: "தெளிந்த ஓடையில் ட்ரவுட் மீன் நிற்பது எனக்கு நன்றாகத் தெரிகிறது. இரண்டு எட்டு முன்னே வைத்தால் பாய்ந்து மறைந்துவிடுகிறது. மண்டியிட்டு நகர்ந்தால் மட்டும் அருகே போக முடிகிறது. கீழே இருக்கும் மீனுக்கு அப்படி என்னதான் தெரிகிறது?"

விடையின் பாதி பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. காற்றிலிருந்து நீருக்குள் நுழையும் ஒளி விலகுகிறது. நீரின் ஒளிவிலகல் எண் 1.33, மாறுநிலைக் கோணம், அதாவது நீருக்குள்ளிருந்து மேலே போகும் ஒளி செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்ந்தால் வெளியேற முடியாமல் உள்ளேயே திரும்புமோ அந்தக் கோணம், ஏறத்தாழ 48.6 பாகை. இதையே மீனின் கண்ணிலிருந்து பார்க்கத் தொடங்கினால்தான் சுவை கூடுகிறது.

அடிவானம் முதல் அடிவானம் வரை 180 பாகை விரிந்து கிடக்கும் வெளியுலகம், நீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு, அந்தக் கோணத்தின் இருமடங்கான 97 பாகைக் கூம்புக்குள் அடங்கிவிடுகிறது. நீர்ப்பரப்பில் அது ஒரு வட்டச் சாளரம். வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பு வெறும் முகம் பார்க்கும் கண்ணாடிதான். முழு அக எதிரொளிப்பால் ஓடையின் அடித்தரை கூழாங்கற்களோடும் பாசியோடும் தலைகீழாகத் தெரியும். சாளரத்தின் விட்டம், மீன் நிற்கும் ஆழத்தைப் போல 2.27 மடங்கு. 30 செ.மீ. ஆழத்தில் நிற்கும் மீனுக்கு 68 செ.மீ.

ஆழத்தில் நிற்கும் மீனுக்குச் சாளரம் பெரிது, ஆகவே அதற்கு அதிக உலகம் தெரியும் என்று தூண்டில்காரர்கள் சிலர் சொல்வதுண்டு. அது சரியல்ல. எந்த ஆழத்திலும் கோணம் அதே 97 பாகைதான். வெளியுலகம் முழுவதும் அதற்குள் இருக்கிறது. மிதந்து வரும் பூச்சி எவ்வளவு தூரத்தில் சாளரத்துக்குள் நுழையும் என்பதைத்தான் ஆழம் தீர்மானிக்கிறது.

வாசகரின் கேள்விக்கு விடை சாளரத்தின் விளிம்பில் இருக்கிறது. விளிம்பை நெருங்க நெருங்கக் காட்சி நசுங்குகிறது. அடிவானத்திலிருந்து 10 பாகை உயரம் வரையுள்ள அத்தனையும் மீனுக்கு ஏறத்தாழ 1 பாகை அளவுள்ள மெல்லிய கீற்றுதான். 1.8 மீட்டர் உயரமுள்ளவர் நீர்மட்டத்தில் 10 மீட்டர் தள்ளி நின்றால், அந்தக் கீற்றுக்குள் ஒடுங்கிவிடுவார். அவரே 5 மீட்டருக்கு வந்தால் 3.7 பாகை உயரத்துக்கு எழுந்து நிற்பார். தூரம் பாதியானது, உருவமோ ஏறக்குறைய நான்கு மடங்கானது! அங்கேயே மண்டியிட்டு உயரத்தை 1.2 மீட்டராகக் குறைத்தால், உருவம் பாதிக்கும் கீழே சுருங்கிவிடும். மிகத் தாழ்வாக வரும் ஒளியில் கணிசமான பங்கு நீருக்குள் நுழையாமலே எதிரொளித்துப் போவதால், அந்த விளிம்பு மங்கலாகவும் இருக்கும். வானிலிருந்து இறங்கும் கொக்குக்கு அஞ்சி வாழும் மீனுக்கு, திடீரென்று ஓங்கி வளரும் உருவம் ஒன்றே போதும்.

இதே சாளரத்தின் வழியாகத்தான் ட்ரவுட் தன் உணவையும் தேர்ந்தெடுக்கிறது. எனக்கு மிகப் பிடித்த காட்சி இதுதான். மேஃப்ளை என்ற பூச்சி, பாய்மரம் போல் இறகுகளை நிமிர்த்தியபடி நீரின் மேல் மிதந்து வருகிறது. சாளரத்துக்கு வெளியே இருக்கும்வரை அதன் உடலை மீனால் பார்க்க முடியாது. ஆனால் அதன் கால்கள் நீர்த்தோலை இலேசாக அழுத்துகின்றன. அழுந்திய இடங்களில் கண்ணாடி வளைகிறது. அங்கே மட்டும் ஒளி உள்ளே கசிகிறது. இருண்ட கண்ணாடியில் சில ஒளிப்புள்ளிகள் நகர்ந்து வருவதை மீன் காண்கிறது. பூச்சி இன்னும் நெருங்கும்போது இறகுகளின் நுனி முதலில் சாளர விளிம்பில் முளைக்கிறது, கால்களிலிருந்து பிரிந்து தனியே தொங்குவது போல. பிறகு இடைவெளி குறைந்து, ஒளிப்புள்ளிகளும் இறகும் ஒன்றுசேர்ந்து முழுப் பூச்சியாகின்றன. அதற்குள் மீன் எழும்பத் தொடங்கியிருக்கும். தூண்டில் முள்ளில் சேவல் கழுத்து இறகைச் சுற்றிச் செயற்கை ஈ கட்டுகிறார்களே, அந்த இறகின் இழைகளும் நீர்த்தோலில் இதே ஒளிப்புள்ளிகளைத்தான் உண்டாக்குகின்றன. நம் கண்ணுக்கு அழகாக இருக்கும் ஈ மீனிடம் தோற்பதும், அலங்கோலமான ஈ வெல்வதும் இதனால்தான்.

இனத்துக்கு இனம் இந்தச் சாளரத்தின் பயன் மாறுகிறது. ஐரோப்பாவையும் மேற்கு ஆசியாவையும் தாயகமாகக் கொண்ட பழுப்பு ட்ரவுட் கரையோரக் குடைவுகளிலும் மர வேர்களின் நிழலிலும் பதுங்கும். அதன் சாளரத்தில் பாதியைக் கரையே மூடியிருக்கும். பெரிய பழுப்பு மீன்கள் இருட்டிய பிறகு சிறு மீன்களை வேட்டையாடக் கிளம்புகின்றன. பசிபிக் கரையோர ஆறுகளின் வானவில் ட்ரவுட் வேகமான, திறந்த நீரில் துணிந்து நிற்கும். முள்ளில் சிக்கினால் நீரை விட்டே துள்ளும். கிழக்கு வட அமெரிக்காவின் ஓடை ட்ரவுட், பெயரில் மட்டுமே ட்ரவுட். உண்மையில் அது சார் என்ற மீன் வகை. மற்ற இரண்டுக்கும் வெளிர் உடலில் கரும்புள்ளிகள், இதற்குக் கரிய உடலில் வெளிர்ப்புள்ளிகள். உணவு அரிதான குளிர்ந்த ஊற்றோடைகளில் வாழ்வதால், வந்ததை அதிகம் ஆராயாமல் கவ்விவிடும்.

மூன்றுக்கும் குளிர்ந்த நீர் வேண்டும். 10 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் நீர் 11.3 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைக்கும். 25 பாகையில் 8.3 மட்டுமே. 1864இல் பனிக்கட்டிக்கு நடுவே முட்டைகளாகக் கப்பலேறி ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவு வரை போன மீன் பழுப்பு ட்ரவுட். இன்று அதுவும் வானவில் ட்ரவுட்டும் உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இருக்கின்றன. குஞ்சுகளைப் பொரித்து ஆற்றில் விடும் விழாவுக்குப் பணம் எளிதில் கிடைக்கிறது. ஓடை நீர் சூடாகிறதா என்று ஒரே ஓடையில் முப்பது ஆண்டுகள் வெப்பமானியை வைத்து அளக்க நிதி கேட்டால் யாரும் அசைவதில்லை. இது எனக்கு நெடுநாள் வருத்தம்.

ராசியான தொப்பி, ராசியான காற்று என்ற நம்பிக்கைகளும் தூண்டில்காரர்களிடம் உண்டு. தொப்பியை விட்டுவிடலாம். காற்றில் மட்டும் ஓர் உண்மை இருக்கிறது, ஆனால் அது ராசியல்ல. இளங்காற்று எழுப்பும் சிற்றலைகள் சாளரத்தை ஆயிரம் துண்டுகளாக உடைத்துவிடுகின்றன. கரையில் நிற்கும் மனிதர் அப்போது மீனுக்கு நடுங்கும் கறைகளின் கூட்டம் மட்டுமே. பக்கத்தில் அசையும் மரக்கிளையும் அப்படித்தான் தெரியும்.