முன்பணம் 20 சதவீதம் சரி, எதில் 20?

வீட்டுக் கடன் ஆலோசனைக்கு வருபவர்கள் பெரும்பாலும் கணக்குப் போட்டுவிட்டுத்தான் வருவார்கள். "விலை 50 லட்சம், முன்பணம் 20 சதவீதம், 10 லட்சம் தயாரா இருக்கு சார்." பெருக்கல் சரிதான். அந்த 20 எந்தத் தொகைக்கு என்பதில்தான் சிக்கலே.

நீங்கள் பேசி முடித்த விலையைக் கடன் கொடுப்பவர் அப்படியே ஏற்பதில்லை. தன் மதிப்பீட்டாளரை அனுப்பிப் பார்ப்பார். விலை, மதிப்பீடு இரண்டில் எது குறைவோ, பொதுவாக அதற்குத்தான் கடன். மதிப்பீடு 45 லட்சம் என்று வந்தால் 80 சதவீதக் கடன் 36 லட்சம்தான். விற்பவருக்கோ 50 லட்சம் தந்தாக வேண்டும். மீதி 14 லட்சம் உங்கள் கையிலிருந்து போக வேண்டும். அதாவது விலையில் 28 சதவீதம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு, தயாராக வைத்திருந்த 10 லட்சத்துக்கு மேல் வேண்டிய அந்த 4 லட்சத்துக்கு அலைவது பெரும்பாடு. பதிவுச் செலவு, வரி இதெல்லாம் தனி. கடனில் அவை அடங்குமா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

சிலர் தலைகீழாகக் கேட்பார்கள்: "கையில 8 லட்சம் இருக்கு, எவ்வளவுக்குப் பார்க்கலாம்?" 8-ஐ 0.20-ஆல் வகுத்தால் 40 லட்சம். இதில் அடிக்கடி நடக்கும் குழப்பம், 40 லட்சத்தைக் கடன் என்று எடுத்துக்கொண்டு 48 லட்சத்துக்கு வீடு தேடுவது. 48-இல் 8 என்பது 17 சதவீதம்கூட இல்லை. முன்பணச் சதவீதம் முழு விலைக்கு, கடனுக்கு அல்ல.

முன்பணத்தை 10-லிருந்து 15 சதவீதமாக்கச் சொன்னால் "அஞ்சுதானே" என்று தோன்றும். புரட்ட வேண்டிய பணம் ஒன்றரை மடங்காகிவிடும்.

ஒப்பந்தத்தில் நான் முதலில் தேடுவது ரத்து விதியைத்தான். "ரத்து செய்தால் 10 சதவீதம் பிடித்தம்" என்று மொட்டையாக எழுதியிருப்பார்கள். 50 லட்சம் வீட்டுக்கு 5 லட்சம் கட்டியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். கட்டிய பணத்தில் 10 சதவீதம் என்றால் போவது 50,000. மொத்த விலையில் என்றால் கட்டிய 5 லட்சமும் போச்சு. வீட்டைப் பேசி முடித்ததும் முதலில் கொடுக்கும் டோக்கன் தொகையும் இப்படித்தான்: முன்பணத்தில் கழியுமா, அதற்கு மேலா என்று பல தாள்களில் இருக்காது. சதவீதத்துக்குப் பக்கத்திலேயே தொகையையும் எழுதித் தரச் சொல்லுங்கள். "அதெல்லாம் வழக்கம்தான் சார்" என்று விற்பவர் மழுப்பினால், அன்றைக்குக் கையெழுத்துப் போட வேண்டாம்.