முன்கணிப்புக் குறிப்பான்: ஒரே சொல்லில் மாட்டிக்கொண்ட இரண்டு கேள்விகள்

பெருங்குடல் புற்றுநோய்க்கான மூலக்கூறு ஆய்வு பற்றிப் படிப்பவர்கள் ‘பிராக்னாஸ்டிக் மார்க்கர்’, ‘பிரிடிக்டிவ் மார்க்கர்’ என்ற இரண்டு தொடர்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பார்கள். தமிழில் எழுதும்போது இரண்டுமே ‘முன்கணிப்புக் குறிப்பான்’ ஆகிவிடுகின்றன. ஆனால் முதலாவது “இந்த நோய் எப்படிப் போகும்?” என்ற கேள்விக்கு விடை. இரண்டாவது “இந்த மருந்து இவருக்குப் பலன் தருமா?” என்ற கேள்விக்கு விடை. இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னால் தவறான மருந்தைத் தேர்ந்தெடுக்கும் அளவுக்குக் குழப்பம் போகும்.

வேர்ச்சொல்லைத் தோண்டினால் தெளிவு கிடைக்குமா என்றால், இங்கே கிடைக்காது. பிராக்னாசிஸ் கிரேக்கச் சொல்: முன்னரே அறிதல். பிரிடிக்ட் இலத்தீனிலிருந்து வந்தது: முன்னரே சொல்லுதல். அறிவதற்கும் சொல்வதற்கும் உள்ள வேறுபாடு இதுதானா என்று கேட்டால், இல்லை. இப்போதைய பொருள் வேறுபாட்டைப் புற்றுநோயியல் தன் தேவைக்காகப் பின்னாளில் உண்டாக்கிக்கொண்டது. ஆகவே வேரை மொழிபெயர்ப்பதைவிட வேலையைப் பார்த்துப் பெயர் வைப்பதே சரி. நோயின் போக்கைக் காட்டுவது போக்குக்குறி. மருந்தின் பயனைக் காட்டுவது பயன்குறி.

‘மார்க்’ என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் எல்லை என்று பொருள். மரபியலாளர்களும் குரோமோசோமில் இடம் காட்டும் எல்லைக்கல் போலத்தான் மார்க்கரைப் பயன்படுத்தினார்கள். தமிழில் ‘குறிப்பான்’ என்று நீட்ட வேண்டியதில்லை, ‘குறி’ போதும். சித்த மருத்துவத்தில் நோயின் அடையாளங்களைக் ‘குறிகுணம்’ என்றே சொல்கிறார்கள். ‘குறி சொல்வது’ நினைவுக்கு வருமே என்று சிலர் தயங்கலாம். முன்கூட்டிச் சொல்வதுதானே இங்கும் வேலை!

ஒரு குறி எந்த வகை என்று எப்படித் தீர்மானிப்பது? மருந்து எடுத்துக்கொண்டவர்களை மட்டும் பார்த்து, குறி உள்ளவர்கள் நீண்ட நாள் வாழ்ந்தார்கள் என்று காட்டினால் எதுவும் நிறுவப்படவில்லை. மருந்து இல்லாமலும் அவர்கள் அப்படியே வாழ்ந்திருக்கலாம். மருந்து பெற்றவர்கள், பெறாதவர்கள் என்ற இரு பிரிவும் வேண்டும். குறி உள்ளவர்களிடம் மருந்தால் கிடைத்த பலனும் குறி இல்லாதவர்களிடம் கிடைத்த பலனும் வேறுபட்டால்தான் அது பயன்குறி. ஆய்வுச் செய்திகளில் அடிக்கடி சறுக்கும் இடம் இதுதான்.

தெளிவான பயன்குறிக்கு ராஸ் மரபணுக்கள் எடுத்துக்காட்டு. செட்டுக்சிமாப், பானிட்டுமுமாப் ஆகிய மருந்துகள் செல்லின் மேற்பரப்பில் உள்ள வளர்ச்சி ஏற்பியை அடைக்கின்றன. ராஸ், வளரச் சொல்லும் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் சங்கிலியில் அந்த ஏற்பிக்குக் கீழே இருக்கும் கண்ணி. அது மாற்றமடைந்து எந்நேரமும் முடுக்கிய நிலையில் இருந்தால், மேலே வால்வை மூடி என்ன பயன், கீழே குழாய் உடைந்து ஓடும்போது? ஏறத்தாழ 40% பெருங்குடல் கட்டிகளில், ராஸ் மரபணுக்களில் ஒன்றான கே-ராஸில் மாற்றம் இருக்கிறது. தொடக்கத்தில் அதன் 2-ஆம் எக்ஸானில் (மரபணுவின் ஒரு பகுதி) உள்ள 12, 13-ஆம் கோடான்களை (மூவெழுத்துச் சொற்கள்) மட்டும் பார்த்தார்கள். அது போதாது, கே-ராஸ், என்-ராஸ் இரண்டிலும் 2, 3, 4-ஆம் எக்ஸான்களைப் பார்க்க வேண்டும். பழைய அறிக்கையில் ‘மாற்றம் இல்லை’ என்றிருந்தால், எந்த எக்ஸான்கள் சோதிக்கப்பட்டன என்பதையும் படிக்க வேண்டும்.

பிராஃப் என்ற மரபணுவில் வரும் வி600ஈ என்ற மாற்றம் முதலில் போக்குக்குறியாகவே அறியப்பட்டது. பரவிய நோயில் அது இருந்தால் போக்கு மோசம். பிராஃபைத் தடுக்கும் எங்கோராஃபெனிப் மருந்தைச் செட்டுக்சிமாபுடன் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சை வந்த பிறகு அதுவே பயன்குறியும் ஆனது. குறி மாறவில்லை, மருந்துதான் புதிது.

எல்லாவற்றிலும் வளமான சொல் ‘மைக்ரோசாட்டிலைட்’. டிஎன்ஏவைச் சீசியம் குளோரைடு கரைசலில் அதிவேகமாகச் சுழற்றியபோது, முதன்மைப் பட்டைக்குப் பக்கத்தில் சிறு பட்டைகள் தனியாக நின்றன. அவற்றுக்குச் ‘சாட்டிலைட்’ என்று பெயர் வைத்தார்கள். இலத்தீனில் பெரியவர் பின்னால் நிற்கும் ஏவலாள் என்பது பொருள். அந்தப் பட்டைகளில் திரும்பத் திரும்ப வரும் வரிசைகள் இருந்தன. அதனால், மிகக் குறுகிய மீள்வரிசைகளுக்கு 1989-இல் மைக்ரோசாட்டிலைட் என்ற பெயர் வந்தது. இதை ‘நுண்துணைக்கோள்’ என்று பெயர்த்தால் வாசகர் வானத்தைப் பார்ப்பார். தமிழ்ச் செய்யுளில் எழுத்துத் தொடர் மடங்கி மடங்கி வருவதற்கு ‘மடக்கு’ என்று பெயர் உண்டு. ஆகவே ‘நுண்மடக்கு’ பொருத்தமானது. மைக்ரோசாட்டிலைட் இன்ஸ்டபிலிட்டி என்பது ‘நுண்மடக்கு நிலையின்மை’.

ஒரே எழுத்தை 26 தடவை படியெடுக்கச் சொன்னால் எண்ணிக்கை தவறும். டிஎன்ஏவைப் படியெடுக்கும் நொதிக்கும் அப்படித்தான். எம்எல்எச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 ஆகிய புரதங்கள் அந்தப் பிழையைத் திருத்துகின்றன. அவற்றில் ஒன்று செயலிழந்தால் மடக்குகளின் நீளம் கலைந்துபோகும். பெதஸ்டா முறையில் ஐந்து மடக்குகளைச் சோதித்து, இரண்டோ மேலோ நீளம் மாறியிருந்தால் ‘உயர் நிலையின்மை’ என்பார்கள். பெருங்குடல் புற்றுநோயில் சுமார் 15% இவ்வகை.

இந்த உயர் நிலையின்மை என்ற ஒரே குறி, நோயின் நிலைக்கேற்ப இரு கேள்விக்கும் விடை சொல்கிறது. நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவாத இரண்டாம் நிலையில், போக்கு நன்றாக இருக்கும் என்று காட்டும் போக்குக்குறி அது. அறுவைக்குப் பிறகு 5-ஃப்ளூரோயுராசில் என்ற கீமோ மருந்தை மட்டும் கொடுத்தால், இந்தக் குறி உள்ள இரண்டாம் நிலை நோயாளிகளுக்குப் பலன் இல்லை. பரவிய நிலையில் பெம்புரோலிசுமாப் போன்ற நோயெதிர்ப்பு மருந்துகளுக்கு அது பயன்குறி. திருத்தப்படாத பிழைகளால் உருவாகும் அயல் புரதங்களை நோயெதிர்ப்புச் செல்கள் அடையாளம் கண்டுகொள்வதே காரணம்.

சோதனையும் தவறலாம். எடுத்த துண்டில் கட்டிச் செல்கள் மிகக் குறைவாக இருந்தால், இயல்பான செல்களின் டிஎன்ஏ நிலையின்மையை மறைத்துவிடும். திருத்தும் புரதங்கள் இருக்கின்றனவா என்று சாயமிட்டுப் பார்க்கும் முறையில், கட்டிக்கு நடுவே இருக்கும் இயல்பான லிம்ஃபோசைட்டுகளில் (ஒரு வகை வெள்ளணுக்கள்) சாயம் ஏறியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அங்கேயும் ஏறவில்லை என்றால் ‘புரதம் இல்லை’ என்று எழுதக் கூடாது. ஃபார்மலினில் துண்டு சரியாகப் பதப்படாதது காரணமாக இருக்கலாம். சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

கடைசியாக ‘மரபணு’. ஜீன் என்ற சொல்லை 1909-இல் டென்மார்க் தாவரவியலாளர் வில்ஹெல்ம் யோஹான்சன் கிரேக்க வேரிலிருந்து உருவாக்கினார். நம் சொல்லில் ‘மரபு’ உட்கார்ந்திருப்பதால், ‘மரபணு மாற்றம் உள்ளது’ என்றதும் பிள்ளைகளுக்கும் வருமோ என்று குடும்பம் பதறுகிறது. ராஸ், பிராஃப் மாற்றங்கள் கட்டியில் மட்டும் தோன்றியவை. அவற்றைக் ‘கட்டிவழி மாற்றம்’ என்றும், பெற்றோரிடமிருந்து வருவதைக் ‘கருவழி மாற்றம்’ என்றும் பிரித்து எழுதுவது நல்லது. எம்எல்எச்1 புரதம் இல்லாமல் பிராஃப் வி600ஈ இருந்தால், நிலையின்மை பரம்பரையாக வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. எம்எஸ்எச்2 இல்லை என்றால், பரம்பரையாக வரும் புற்றுநோய் நிலையான லிஞ்ச் நோய்த்தொகையை எண்ணி, இரத்த மாதிரியில் கருவழிச் சோதனை செய்ய வேண்டும்.