ஊசி போட்ட ஐந்தாவது நிமிடம்

செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசியை நரம்பில் மெதுவாகச் செலுத்திவிட்டுச் செவிலியர் அடுத்த கட்டிலுக்கு நகர்கிறார். "சிஸ்டர், உள்ளங்கையெல்லாம் அரிக்கிறது" என்கிறார் நோயாளி. இரண்டு முறை இருமுகிறார். குரல் கரகரக்கிறது, உதடு தடித்திருக்கிறது. கைதேர்ந்த செவிலியர் இந்த இடத்தில் பிபி கருவியைத் தேடிப் போக மாட்டார். நோயாளியைப் படுக்க வைத்து, உரக்கக் குரல் கொடுத்து ஆள் கூப்பிட்டு, எமர்ஜென்சி ட்ரேயில் இருக்கும் அட்ரினலின் ஆம்ப்யூலை உடைப்பார். மருத்துவர் வந்து சேரும்போது ஊசி தொடையில் ஏறியிருக்கும்.

அனாஃபிலாக்சிஸ் எனப்படும் கடும் ஒவ்வாமை இது. பிரிட்டனில் இதனால் இறந்தவர்களைப் பற்றி 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. உணவு ஒவ்வாமையில் இதயமோ மூச்சோ நிற்பதற்குப் பொதுவாக 30 நிமிடம் ஆகியிருந்தது. குளவி, தேனீக் கொட்டில் 15 நிமிடம். மருத்துவமனையில் கொடுத்த மருந்தால் வந்ததென்றால் 5 நிமிடம்தான். மருந்து நேராக ரத்தத்தில் இறங்குவதால் வந்த வேகம் அது.

அந்த ஐந்து நிமிடத்துக்குள் நடப்பதற்கெல்லாம் மூலம் மாஸ்ட் செல்கள். ஜெர்மன் மருத்துவ விஞ்ஞானி பால் எர்லிக் மாணவராக இருந்தபோதே, 1878-இல், சாயமேற்றிக் கண்டு விவரித்த செல்கள் இவை. தோலிலும் மூச்சுக்குழாயிலும் குடலிலும் ரத்தக் குழாய்களை ஒட்டி உட்கார்ந்திருக்கும். உள்ளே ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் நிரம்பிய நுண்மணிகள். ஒரு மருந்தை உடல் எப்போதோ எதிரியாகக் குறித்துவைத்திருந்தால், அதற்கென்று உருவான ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்புப் புரதம் இந்தச் செல்களின் மேல் காத்திருக்கும். மருந்து மறுபடி வந்து அதைத் தொட்டதும் நுண்மணிகள் மொத்தமாக வெளியே கொட்டுகின்றன. தோலில் அரிப்பு, தடிப்பு; மூச்சுக்குழாயில் இறுக்கம்; குடலில் வலி, வாந்தி. செல்கள் எங்கெங்கே இருக்கின்றனவோ அங்கங்கே தொல்லை.

முதல்முறை ஒன்றும் செய்யாத பொருள் இரண்டாம் முறை கொல்லலாம் என்பதை உலகம் அறிந்தது ஒரு நாயால். மொனாக்கோ இளவரசரின் கப்பலில் 1901-இல் கடல் பயணம் போன பிரெஞ்சு விஞ்ஞானிகள் சார்ல் ரிஷேயும் போல் போர்த்தியேவும் கடல்வாழ் உயிர்களின் நஞ்சை ஆராயத் தொடங்கினார்கள். பிறகு பாரிஸில், கடல் சாமந்தி என்ற கடலுயிரின் நஞ்சை முன்பு தாங்கிக்கொண்ட நெப்டியூன் என்ற நாய்க்குச் சில வாரங்கள் கழித்து அதையே மறுபடி ஏற்றினார்கள். அரை மணி நேரம்கூடத் தாங்காமல் அது இறந்தது. ரிஷேவுக்கு 1913-இல் நோபல் பரிசு.

ஹிஸ்டமின் ரத்தக் குழாய்களை விரிப்பதோடு, அவற்றின் சுவரையும் கசியவைக்கிறது. பத்தே நிமிடத்தில் ரத்தக் குழாய்களில் இருக்கும் திரவத்தில் 35 சதவீதம் வரை திசுக்களுக்குள் வெளியேறிவிடலாம். ஒரு சொட்டு ரத்தம் வெளியே சிந்தாமலே, பெரிய விபத்தில் ரத்தம் இழந்தவரின் நிலைக்கு நோயாளி வந்துவிடுகிறார். அவரை எழுப்பி உட்கார வைப்பது ஆபத்தாவது இதனால்தான். மிச்சமிருக்கும் ரத்தம் கால்களில் தேங்கி, இதயத்துக்குத் திரும்பி வருவது நின்றுபோகிறது. "மயக்கமாக இருக்கிறதா, எழுந்து கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள் அம்மா" என்று உறவினர் அன்போடு தூக்கி நிறுத்தும் கணத்தில் இதயம் நின்றுபோன நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. தட்டையாகப் படுக்க வைத்துக் காலை உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறல் அதிகமானால் மட்டும் காலை நீட்டியபடி சாய்ந்து உட்காரலாம். கர்ப்பிணியை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும்.

இந்தக் குழப்பத்தின் எல்லா முனைகளையும் ஒருசேரப் பிடிக்கும் ஒரே மருந்து அட்ரினலின். விரிந்த ரத்தக் குழாயைச் சுருக்குகிறது, இதயத்தை வலுவாக அடிக்க வைக்கிறது, மூச்சுக்குழாயைத் திறக்கிறது. மாஸ்ட் செல்கள் மேலும் கொட்டுவதையும் அடக்குகிறது. நம் வார்டுகளில் கை முதலில் போவதென்னவோ ஹிஸ்டமினைத் தடுக்கும் அவிலுக்கும், ஸ்டீராய்டான ஹைட்ரோகார்டிசோனுக்கும்தான். இந்தப் பழக்கம் ஒழிய வேண்டும் என்பதே என் எண்ணம். அவில் அரிப்பைக் குறைக்கும். சரிந்த பிபியைத் தூக்காது, அடைத்த தொண்டையைத் திறக்காது. ஸ்டீராய்டு வேலை செய்யவே மணிக்கணக்கில் ஆகும். இரண்டும் பிறகு வரலாம், முதலில் வரக்கூடாது.

தொடை ஏன்? அட்ரினலின் தோலடியில் ஏறினால் அங்கேயுள்ள ரத்தக் குழாய்களைச் சுருக்கித் தன் பாதையைத் தானே அடைத்துக்கொள்கிறது. தொடையின் வெளிப்பக்கத் தசையில் ரத்த ஓட்டம் அதிகம். குழந்தைகளிடம் நடந்த ஆய்வொன்றில், தொடைத் தசையில் போட்ட மருந்து சராசரியாக 8 நிமிடத்தில் ரத்தத்தில் உச்சத்தைத் தொட்டது. தோலடியில் போட்டதற்கு 34 நிமிடம் ஆனது. பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம், அதாவது ஒரு மில்லிகிராம் ஆம்ப்யூலில் பாதி. ஐந்து நிமிடத்தில் தேறவில்லையென்றால் இன்னொரு முறை. இதையே நரம்பில் நேராகச் செலுத்தினால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். அது தீவிர சிகிச்சையில் பழகியவர்களின் வேலை. கூடவே ஆக்சிஜனும், கசிந்துபோன திரவத்தை ஈடுகட்ட வேகமாக இறங்கும் சலைன் பாட்டிலும் வேண்டும்.

"டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்த்தோமே, ஒன்றும் ஆகவில்லையே" என்ற கேள்வி பின்னாலேயே வரும். தோலில் போட்ட சோதனை ஊசி தடிக்காததால் முழு டோஸ் பத்திரம் என்று ஆகிவிடாது. தோலில் ஒரு தடிப்புக்கூட இல்லாமல் வெறும் மயக்கமாகவோ இரைப்பாகவோ வருவதும் உண்டு. அந்த வகைதான் அனுபவசாலிகளையும் ஏமாற்றுகிறது.

நோயாளி தெளிந்து பேசத் தொடங்கினாலும் சில மணி நேரம் கண்காணிப்பில் வைத்திருப்பார்கள். மருந்து மறுபடி ஏறாமலே, அடங்கிய அறிகுறிகள் இரண்டாவது அலையாகத் திரும்பலாம். அந்த நேரத்துக்குள் டிரிப்டேஸ் என்ற நொதியை அளக்க ரத்தம் எடுத்தால், கொட்டியது மாஸ்ட் செல்கள்தானா என்று பின்னர் உறுதிசெய்ய உதவும். கேஸ் ஷீட்டின் முகப்பில் மருந்தின் பெயர் சிவப்பு மையில் ஏறும். அதே பெயரை ஒரு சீட்டில் எழுதி வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொள்வது நோயாளியின் வேலை. "ஏதோ ஒரு ஊசி ஒத்துக்காது" என்று மட்டும் சொன்னால், அடுத்த மருத்துவமனையில் எந்த ஊசியைத் தவிர்ப்பார்கள்?