கடைசியா ஓகே குடுக்குறது மனுஷன்தானேன்னு சொல்லாதீங்க

நேத்து ஒரு காலேஜ்ல பேசிட்டு மேடைய விட்டு இறங்குறேன், ஒரு தம்பி வந்து "அண்ணா, ராணுவத்துல ஏஐ வந்தா என்ன பயம், கடைசில ஓகே குடுக்குறது ஒரு ஆபீசர்தானே"ங்குறான். இந்த மாசம் மட்டும் இது நாலாவது தடவ. அதான் உக்காந்து எழுதிடலாம்னு.

நான் 12 வருஷமா ஏஐ மாடல் டெஸ்டிங்ல இருக்கேன். ஆயுதம் இல்ல, ஃபேக்டரில பழுது புடிக்கிற கேமரா சிஸ்டம். ஒரு எடத்துல மாடல் சொல்றத ஆள் பாத்து ஓகே பண்ணனும்னு வெச்சிருந்தாங்க. முதல் வாரம் ஒவ்வொரு படத்தையும் பெருசாக்கிப் பாத்தாங்க, ரெண்டாவது மாசம் படம் வர்றதுக்கு முன்னாடியே விரல் ஓகே மேல இருக்கு. நாங்க வேணும்னே தப்பு பதில கலந்து விட்டோம், அதுவும் ஓகே ஆயிடுச்சு. அவங்க சோம்பேறிங்க இல்ல. நூறு தடவ சரியா சொன்ன மெஷின நூத்தியோராவது தடவ சந்தேகப்பட யாருக்கும் மனசு வராது. அங்க வீணா போனது ஒரு பம்ப் மூடிதான்.

2003 மார்ச்ல ஈராக் போர்ல போனது உயிரு. வர்ற ஏவுகணைய வானத்துலயே சுட்டு வீழ்த்துற அமெரிக்காவோட பேட்ரியாட் சிஸ்டம் ஒரு பிரிட்டிஷ் டொர்னாடோ விமானத்த எதிரி ஏவுகணைன்னு காட்டுச்சு, விமானத்தோட அடையாள சிக்னலும் கெடைக்கல, முடிவெடுக்க சுமாரா ஒரு நிமிஷம்தான், சுட்டாங்க, உள்ள இருந்த 2 பேரும் செத்துட்டாங்க. அடுத்த ரெண்டு வாரத்துக்குள்ள அமெரிக்காவோட சொந்த ஹார்னெட் விமானத்தையும் பேட்ரியாட்டே சுட்டுச்சு, பைலட் போயிட்டார். ரெண்டுலயும் மனுஷன் இருந்தான்ங்க! அது இன்னைக்கு நாம சொல்ற ஏஐ கூட கெடையாது.

1983 செப்டம்பர் 26ல சோவியத் சிஸ்டம் 5 அமெரிக்க ஏவுகணை வருதுன்னு அலாரம் அடிச்சப்போ பெட்ரோவ்ங்குற அதிகாரி அது பொய்னு முடிவு பண்ணார். நெஜமா அடிக்கிறவன் வெறும் 5ஓட ஆரம்பிக்க மாட்டான்னு யோசிச்சார், தரையில இருக்குற ரேடாரும் எதையும் காட்டல, அந்த சிஸ்டத்த அவர் முழுசா நம்பவும் இல்ல. உண்மையில அது மேகத்துல பட்ட சூரிய வெளிச்சம். நல்லவேளை அவருக்கு யோசிக்க கொஞ்சமாவது எடம் இருந்துச்சு.

காசா போர்ல இஸ்ரேல் ராணுவத்தோட லாவெண்டர்ங்குற ஏஐ சிஸ்டம் தாக்க வேண்டியவங்க பேர குறிச்சுக் குடுத்துச்சு, ஒரு பேருக்கு 20 செகண்ட் மாதிரிதான் பாத்தோம்னு அதுல வேல செஞ்சவங்க சொன்னதா 2024 ஏப்ரல்ல +972 பத்திரிகைல வந்துச்சு. இஸ்ரேல் ராணுவம் மறுக்குது. ஆனா 20 செகண்ட்ல என்னத்த சரிபாக்க முடியும், சொல்லுங்க.

"99 சதவீதம் கரெக்ட்"டுன்னும் தயவுசெஞ்சு வராதீங்க. 1 லட்சம் பேர்ல 100 பேர்தான் போராளின்னா, மீதி 99,900 பேர்ல 999 அப்பாவிங்களையும் அந்த மாடல் போராளின்னு காட்டும். லிஸ்ட்ல 99 நெஜம், 999 தப்பு.

தானா இயங்குற ஆயுதங்களப் பத்தின அமெரிக்க ராணுவத்தோட 3000.09 உத்தரவு, 2023ல புதுப்பிச்சது, தகுந்த அளவு மனுஷ முடிவு வேணும்ங்குது. எத்தன செகண்ட்னு சொல்லல. அதனால "மனுஷன் இருக்கானா"ன்னு கேக்காதீங்க, எத்தன தடவ வேணாம்னு சொன்னான்னு கேளுங்க. அந்தக் கணக்கு இல்லன்னா அந்த சிஸ்டத்துக்கு கையெழுத்து போடாதீங்க. மெஷின் ஏன் அப்படி சொல்லுதுன்னு திரையில தெரியணும். வேணாம்னு சொன்னதுக்காக யாருக்கும் பதவி உயர்வு பறிபோகக்கூடாது. நடு நடுவுல தப்பு பதில கலந்து விட்டு டெஸ்ட் பண்ணுங்க, ஒரு தடவ இல்ல, மாசாமாசம்.

இந்த வேலைக்குப் போகப் போற தம்பி தங்கச்சிங்களே, டெமோல எல்லாரும் கைதட்டுறப்போ ஒரு ஆளாவது எழுந்து அந்தக் கணக்கக் கேளுங்க, கெஞ்சிக் கேக்குறேன்.